நகரத்துக்கு ஒப்பந்தம், சேரிக்குப் பெர்மிட்: தனியார் பேருந்தும் வேப்பந்தட்டையின் கேள்வியும்

2025 ஜூன் மாதத்தில், இரண்டே வார இடைவெளியில், தமிழ்நாட்டில் இரண்டு பேருந்துத் திட்டங்கள் தொடங்கி வைக்கப்பட்டன. ஜூன் 16 அன்று தஞ்சாவூரில் புதிய விரிவான மினி பேருந்துத் திட்டம். ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடி பணிமனையில் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள். இரண்டையும் முதலமைச்சர் மு.க. ஸ்டாலினே தொடங்கி வைத்தார். இரண்டிலும் வண்டி தனியாருடையது, ஓட்டுநரும் தனியாரின் ஊழியர். ஆயினும் இவ்விரண்டையும் 'தனியார்மயம்' என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டு நகர்ந்துவிட்டால், தலித் மக்கள் கேட்க வேண்டிய முதன்மையான கேள்வி தவறிப்போகும்.

சென்னையில் அரசு தனியார் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு தொகை என்று அரசு கொடுத்துவிடும். பயணச்சீட்டு வருவாய் மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்குச் சேரும். வண்டியில் ஐம்பது பேர் ஏறினாலும் ஐந்து பேர் ஏறினாலும் நிறுவனத்தின் வருமானம் மாறாது. எந்தத் தெருவுக்கு வண்டி போக வேண்டும் என்பதைக் கழகமே முடிவு செய்கிறது. ஊர்ப்புறத்து மினி பேருந்துக்கோ அரசு தருவது பெர்மிட் மட்டுமே. டீசலும் சம்பளமும் கடன் தவணையும் உரிமையாளரின் பொறுப்பு. பயணிகள் தரும் காசுதான் அவருடைய வருமானம். நட்ட அச்சம் முழுவதும் அவர் தலையில் இருப்பதால், கலெக்சன் குறைவான இடத்தை அவர் தவிர்க்கிறார். அப்படித் தவிர்க்கப்படும் இடம் எது என்பதைத் தமிழ்நாட்டுக் கிராமத்தின் வரைபடம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது.

சென்னையின் விளிம்புப் பகுதிகள் சிலவற்றுக்கும் மினி பேருந்துத் திட்டம் பொருந்துகிறது என்பது உண்மை. ஆனால் ஒப்பந்த முறை பெருநகரத்துக்கு, பெர்மிட் முறை கிராமத்துக்கு என்பதே இன்றைய அடிப்படைப் பிரிவினை.

வேப்பந்தட்டையிலிருந்து பார்ப்போம்

பெரம்பலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படி 5,65,223. இதில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 31 விழுக்காடு. மாநில சராசரியான 20 விழுக்காட்டைவிட இது மிக அதிகம். நகர்ப்புறத்தில் வாழ்வோர் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பெரம்பலூர் நகருக்குத் தொடர்வண்டி நிலையம் இல்லை. ரயிலேற வேண்டுமானால் அரியலூருக்கோ திருச்சிக்கோ போக வேண்டும். ஆகவே இந்த மாவட்டத்தில் பொதுப் போக்குவரத்து என்றால் அது பேருந்து மட்டுமே.

அதிலும் வேப்பந்தட்டை வட்டம் பச்சைமலை அடிவாரத்திலிருந்து வெள்ளாற்றுப் பக்கம் வரை பரந்து கிடக்கிறது. பெரம்பலூர்–ஆத்தூர் சாலை எசனை, வேப்பந்தட்டை, கிருஷ்ணாபுரம் வழியாகச் செல்கிறது. அந்தச் சாலையில் நிற்பவருக்குப் பேருந்து கிடைக்கும். ஆனால் அரும்பாவூர், பூலாம்பாடி, கை.களத்தூர், பசும்பலூர் என்று விரியும் ஊர்களின் உட்பகுதிகளில் வாழ்வோருக்கு, பிரதான சாலை என்பது முதலில் நடந்து சேர வேண்டிய இடம். வேப்பந்தட்டையில் அரசு கலை அறிவியல் கல்லூரி இருக்கிறது. வேளாண் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கல்லூரிக்கு வரும் முதல் தலைமுறை மாணவிக்கும், மக்காச்சோளக் காட்டிலும் சின்ன வெங்காய வயலிலும் கூலிக்குப் போகும் பெண்ணுக்கும், மாவட்ட மருத்துவமனைக்குப் போகும் முதியவருக்கும் காலை எட்டு மணி நடை ஒன்று தவறினால் அன்றைய நாளே தவறிவிடும்.

தமிழ்நாட்டில் சேரி பெரும்பாலும் ஊருக்கு வெளியே, பிரதான சாலையிலிருந்து விலகி, கிளைச் சாலையின் கடைசியில் இருக்கிறது. புதிய மினி பேருந்துத் திட்டத்தின்படி ஒரு வழித்தடத்தின் நீளம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 விழுக்காடு இதுவரை பேருந்து ஓடாத தடமாக இருக்க வேண்டும். 'பேருந்து ஓடாத தடம்' என்பது சாலையின் கணக்கு. அந்தச் சாலையோரம் யாருடைய வீடு இருக்கிறது என்ற கணக்கு அதில் இல்லை. ஊரின் பெயரில் ஒரு நிறுத்தம் இருந்துவிட்டால் அந்த ஊரே பேருந்து வசதி பெற்றதாகக் கருதப்படும். நிறுத்தத்துக்கும் சேரிக்கும் இடையிலுள்ள ஒன்றிரண்டு கிலோமீட்டர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

படகுகள் கற்றுத்தரும் பாடம்

தனியார் வண்டி பொதுப் போக்குவரத்தின் அங்கமாவது உலகில் புதிதல்ல. பெருநகரங்களின் பயணிகள் படகுச் சேவைகள் இதற்கு நல்ல சான்று. நியூயார்க் நகரம் 2017 மே மாதத்தில் தொடங்கிய படகுச் சேவையை ஹார்ன்புளோவர் என்ற தனியார் நிறுவனம் இயக்குகிறது. தொடங்கியபோது சுரங்க ரயிலின் கட்டணமே படகுக்கும் வைக்கப்பட்டது. எஞ்சிய செலவை நகர நிர்வாகம் ஏற்றது. ஆனால் படகுத்துறைகள் அமைந்தவை பெரும்பாலும் நீர்முகப்புப் பகுதிகள், அவற்றில் பலவும் வசதி படைத்தோர் குடியேறியவை. பயணிகளில் பெரும்பகுதியினர் வெள்ளையர் என்றும், அவர்கள் வருவாய் குறைந்த பிரிவினர் அல்லர் என்றும் நகரத்தின் கணக்கெடுப்பே காட்டியது. 2022-ல் நகரத் தணிக்கை அதிகாரி வெளியிட்ட அறிக்கை, படகுச் சேவைக்கான செலவில் 22 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகை உரிய வகையில் கணக்கில் காட்டப்படவில்லை என்று கண்டறிந்தது.

கொச்சியிலோ வேறு வழி. 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர்வழி மெட்ரோ, கேரள அரசும் கொச்சி மெட்ரோ நிறுவனமும் பங்குதாரர்களாக உள்ள பொது நிறுவனத்தால் நடத்தப்படுகிறது. நகரத்தைச் சுற்றியுள்ள பத்துத் தீவுகளை இணைப்பது என்பதே அதன் திட்ட அறிக்கையின் அடிப்படை. பாலமும் சாலையும் தாமதமாக வந்த தீவு மக்களைக் கணக்கின் தொடக்கத்தில் வைத்துத் திட்டம் தீட்டப்பட்டது. அதன் நிறைவேற்றத்தில் குறைகள் இருக்கலாம். ஆனால் யாரை இணைப்பது என்ற கேள்வியிலிருந்து திட்டம் தொடங்கியது.

இவ்விரு நகரங்களும் சொல்வது ஒன்றே. இயக்குபவர் தனியாரா அரசா என்பதோடு கேள்வி முடிவதில்லை. தடத்தை முடிவு செய்பவர் யார், நட்டத்தை ஏற்பவர் யார், பொதுப்பணம் யாருடைய பயணத்துக்குச் செல்கிறது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிய வேண்டும். நியூயார்க்கில் தனியார் படகுக்குப் பொதுப்பணம் போனது, அது வசதியுள்ளோரின் கரையில் இறங்கியது. வேப்பந்தட்டையின் மினி பேருந்துக்கோ பொதுப்பணமே போகவில்லை. அந்தப் பயணத்தின் முழுச் செலவையும் கூலித் தொழிலாளி தன் சட்டைப்பையிலிருந்து தருகிறார்.

கட்டணமில்லாப் பயணம் எங்கே முடிகிறது?

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். விடியல் பயணம் எனப்படும் இத்திட்டத்தால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்பது மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு முடிவு. நூறுநாள் வேலைக்கும் வயல் வேலைக்கும் போகும் ஒரு தலித் பெண்ணின் குடும்பத்தில் 888 ரூபாய் என்பது அரிசி, எண்ணெய், பிள்ளையின் நோட்டுப் புத்தகம். அண்மைக் காலத்தின் மிகச் சிறந்த மக்கள்நலத் திட்டங்களில் இதுவும் ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆனால் இந்த உரிமை அரசுப் பேருந்தின் படிக்கட்டில் தொடங்கி அதே படிக்கட்டில் முடிகிறது. 2025 ஜூனில் மினி பேருந்துத் திட்டம் தொடங்கியபோது அதில் விடியல் பயணம் சேர்க்கப்படவில்லை. மாணவர்களுக்கான கட்டணமில்லாப் பயண அட்டையும் அரசுப் பேருந்துகளுக்கானதே. இதன் விளைவைச் சிந்தித்துப் பாருங்கள். அரசுப் பேருந்து ஓடும் பிரதான சாலையோரம் வாழும் பெண்ணுக்குப் பயணம் இலவசம். அரசுப் பேருந்து எட்டிப் பார்க்காத உட்பகுதியில் வாழும் பெண்ணுக்கு அதே பயணம் கட்டணத்தோடு. அரசின் சேவை கிடைக்காதவர்கள், கிடைக்காத காரணத்தாலேயே, அரசின் சலுகையையும் இழக்கிறார்கள். ஒருமுறை புறக்கணிக்கப்பட்டவர்கள் அதற்கான விலையை ஒவ்வொரு நாளும் செலுத்த வேண்டியிருக்கிறது.

வண்டியில் ஏறும் உரிமையின் வரலாறு

போக்குவரத்தைச் சாதியோடு சேர்த்துப் பேசுவது வலிந்து செய்யும் வேலை என்று சிலர் கருதலாம். இந்தியாவில் வண்டி என்பது எப்போதும் சாதியோடு சேர்ந்தே ஓடியிருக்கிறது. சிறுவன் அம்பேத்கர் தந்தையைக் காணக் கோரேகானுக்குச் சென்றபோது, மகார் என்று அறிந்த வண்டிக்காரர் வண்டியோட்ட மறுத்தார். இரட்டைக் கூலி பெற்றுக்கொண்டு, பிள்ளைகளே ஓட்ட, அவர் பக்கத்தில் நடந்து வந்தார். 1929-ல், பாரிஸ்டர் பட்டம் பெற்றுப் புகழடைந்த பின்னும், சாலிஸ்கானில் குதிரை வண்டிக்காரர் எவரும் அவரை ஏற்றி ஓட்ட முன்வரவில்லை. வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத தம் மக்களில் ஒருவர் ஓட்டியதால் நேர்ந்த விபத்தில் அவர் கால் முறிந்தது.

தமிழ் மண்ணிலும் இதே நிலைதான். 1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்துதான் பொதுச்சாலையிலும் பொதுக்கிணற்றிலும் ஒடுக்கப்பட்டோரின் உரிமை அரசாணையாக வேண்டியிருந்தது. பேருந்துகள் முற்றிலும் தனியார் கையில் இருந்த அக்காலத்தில், ஆதிதிராவிடர்களை ஏற்றாத முதலாளிகள் இருந்தனர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் ரத்து செய்யப்படும் என்று உத்தரவிட்டார். உரிமத்தில் கை வைத்ததும் கதவு திறந்தது. தனியார் வண்டி பொதுச் சாலையில் ஓடுவது பொது அதிகாரம் தரும் அனுமதியால்தான், எனவே அந்த அனுமதிக்குச் சமூக நீதி நிபந்தனையாக வேண்டும் என்ற கொள்கை ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே இங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது.

1972 முதல் பேருந்துகள் நாட்டுடைமையாகி அரசுக் கழகங்கள் உருவாயின. எத்தனையோ குறைகள் இருந்தும், இடஒதுக்கீட்டின் வழியே தலித் இளைஞர்கள் ஓட்டுநராகவும் நடத்துநராகவும் காக்கி உடுத்தினார்கள். ஆனால் அரசுப் பேருந்தும் சாதியிலிருந்து விடுபட்டுவிடவில்லை. 1997-ல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் சூட்டப்பட்டபோது தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றவர்களைத் தடுக்க முடியாத அரசு, எல்லாக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே நீக்கிவிட்டது. மினி பேருந்துத் திட்டம் முதன்முதலில் அறிமுகமானதும் அதே 1997-ல்தான்.

நிறுத்தம் சாதியைச் சொல்கிறது

பேருந்தில் 'எங்கே இறங்கணும்?' என்ற கேள்வி எளிய கேள்வி அன்று. பாமாவின் 'கருக்கு' (1992) நூலைப் படித்தவர்களுக்கு, இறங்கும் இடத்தைக் கேட்டறிந்ததும் பக்கத்து இருக்கைப் பெண் எழுந்து இடம் மாறும் நிகழ்வு நினைவிருக்கும். நிறுத்தத்தின் பெயரே சாதிச் சான்றிதழாகிவிடுகிறது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்கது. அந்த அறிவிப்பு பயணச்சீட்டிலும் பெயர்ப்பலகையிலும் நடத்துநரின் குரலிலும் எப்போது வந்து சேரும் என்பது அடுத்த கேள்வி.

அதே ஆண்டு மார்ச் மாதம், தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வெழுதப் பேருந்தில் சென்ற பதினோராம் வகுப்பு தலித் மாணவர் ஒருவர் வண்டியிலிருந்து இழுத்து இறக்கப்பட்டு வெட்டப்பட்டார். கைவிரல்கள் துண்டிக்கப்பட்டன. படிப்பை நோக்கிச் செல்லும் பாதையாகப் பேருந்து இருப்பதாலேயே அது தாக்குதலின் களமாகவும் ஆகிறது. ஆகவே வண்டி வருகிறதா என்பதோடு, வண்டிக்குள் யார் பொறுப்பு என்பதும் நமக்கு முக்கியம். அரசுப் பேருந்தின் ஓட்டுநரும் நடத்துநரும் துறை நடவடிக்கைக்கு உட்பட்டவர்கள். தனியார் வண்டியின் ஊழியர், உள்ளூர் ஆதிக்கத்துக்கு அஞ்சியோ அனுசரித்தோ நடந்துகொள்ளும் ஒரு நாள்கூலித் தொழிலாளியாகவும் இருக்கலாம்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1955-ன் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், பொது வாகனத்தைப் பயன்படுத்துவதில் தீண்டாமை காட்டுவதைக் குற்றமாக்குகிறது. 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(za), பட்டியல் சாதியினர் பொது வாகனத்தைப் பயன்படுத்துவதைத் தடுப்போருக்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் 'ஏறாதே' என்று தடுப்பதைத்தான் இந்தச் சட்டங்களால் எளிதில் பிடிக்க முடியும். நிறுத்தாமல் போவதையும், கடைசி நடையை அறிவிப்பின்றி வெட்டுவதையும், 'ரோடு சரியில்லை, கலெக்சன் இல்லை' என்று கிளைச் சாலையின் முனையிலேயே திரும்பிவிடுவதையும் வழக்காக நிறுவுவது கடினம். இன்றைய ஒதுக்குதல் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

பெர்மிட் யாருடையது?

பயணிகள் பக்கத்திலிருந்து உரிமையாளர் பக்கத்துக்கு வருவோம். அரசுப் போக்குவரத்துக் கழக வேலையில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடும், பழங்குடியினருக்கு 1 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. ஒப்பந்த முறையில் தனியார் நிறுவனம் அமர்த்தும் ஓட்டுநர் பணிக்கு இது கிடையாது. மினி பேருந்து முதலாளி அமர்த்தும் பணிக்கும் கிடையாது. வண்டி தனியாரிடம் போகும் ஒவ்வொரு முறையும் இடஒதுக்கீட்டின் பரப்பு சத்தமின்றிச் சுருங்குகிறது.

பெர்மிட்டில் இடஒதுக்கீடு உண்டா? பலர் கவனிக்காத ஒன்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. ஐந்து இலட்சத்துக்குக் குறையாத மக்கள்தொகை கொண்ட நகரங்களில், நகரத் தடங்களில் ஓடும் பேருந்துகளின் எண்ணிக்கை வரையறுக்கப்படுமானால், அரசுப் பணி நேரடி நியமனத்தில் உள்ள அதே விகிதத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெர்மிட்டுகள் ஒதுக்கப்பட வேண்டும் என்கிறது பிரிவு 71(3). அதே பிரிவு கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை தரவும் வழி செய்கிறது. ஆனால் இவை பெருநகரத்துக்கு எழுதப்பட்டவை. மொத்த மாவட்டத்தின் மக்கள்தொகையே ஐந்தரை இலட்சத்தைச் சற்றுத் தாண்டும் பெரம்பலூரில் எந்த ஊரும் இந்த வரையறைக்குள் வராது. தலித் மக்கள் விழுக்காட்டில் மிகுந்து வாழும் இடத்தில் பெர்மிட் இடஒதுக்கீடு பேசப்படுவதே இல்லை. நிலமும் முதலும் யாரிடம் இருக்கின்றனவோ அவரே வண்டியும் வாங்குகிறார். அதே கைகளுக்கு இப்போது பாதையும் நேரமும் சேர்கின்றன.

மறுபக்க வாதம்

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். முதலாவது, அரசுக் கழகங்களும் சேரிகளைப் புறக்கணித்தே வந்தன, பல சிற்றூர்களுக்கு முதன்முதலில் வந்த வண்டியே மினி பேருந்துதான் என்பது. இது உண்மை. எங்கள் தெருவுக்கு எந்த வண்டியாவது வரட்டும் என்று காத்திருப்பவரிடம் நாட்டுடைமையின் பெருமையைப் பேசுவது பொருளற்றது. இரண்டாவது, கடனில் தத்தளிக்கும் கழகங்களால் புதிய தடங்களை இயக்க முடியாது என்பது. இதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் அதே நிதி நெருக்கடியின் நடுவில்தான் சென்னைக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பணம் தரும் ஒப்பந்தம் சாத்தியமாயிற்று. நகரப் பயணிக்குச் செலவிட முடிகிற அரசு, கை.களத்தூரின் உட்பகுதிப் பயணியிடம் மட்டும் சந்தைக் கணக்குப் பேசுவது ஏன்?

ஆகவே தனியார் வண்டியே கூடாது என்பதன்று நம் கோரிக்கை. எந்த நிபந்தனையில் என்பதே நம் வாதம்.

செய்ய வேண்டியவை

ஒன்று, நிறுத்தம் பெர்மிட்டின் நிபந்தனையாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 72 பெர்மிட்டுக்கு நிபந்தனைகள் விதிக்கும் அதிகாரத்தை வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தருகிறது. நிபந்தனை மீறினால் பெர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ பிரிவு 86 இருக்கிறது. ஆதிதிராவிடர் குடியிருப்பின் உள்ளே நிறுத்தம், முதல் நடையும் கடைசி நடையும் கட்டாயம் என்று எழுதப்பட வேண்டும். சௌந்தரபாண்டியனார் கையிலெடுத்தது இதே கருவியைத்தான்.

இரண்டு, விடியல் பயணமும் மாணவர் சலுகையும் மினி பேருந்துக்கு விரிவாக வேண்டும். அரசுக் கழகங்களுக்கு அத்தொகையை ஈடுசெய்யும் அரசு, அதே முறையில் மினி பேருந்துக்கும் ஈடுசெய்யலாம். உட்பகுதித் தடங்களுக்குக் கிலோமீட்டர் அடிப்படையில் ஒரு பகுதித் தொகை தந்தால், கலெக்சன் இல்லை என்ற காரணமும் மறையும்.

மூன்று, மினி பேருந்துப் பெர்மிட்டில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மாவட்ட மக்கள்தொகை விகிதத்தில் ஒதுக்கீடு வேண்டும். 2023-ல் தொடங்கப்பட்ட அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியம் தருகிறது. அந்த மானியத்தையும் பெர்மிட்டையும் இணைத்தால், தலித் இளைஞர்களோ மகளிர் கூட்டுறவுகளோ வண்டியின் உரிமையாளர்களாக முடியும்.

நான்கு, 'பேருந்து ஓடாத தடம்' என்பது குடியிருப்பு வாரியாகக் கணக்கிடப்பட வேண்டும். ஒவ்வொரு குடியிருப்பிலிருந்தும் அருகிலுள்ள நிறுத்தம் எவ்வளவு தொலைவு என்ற பட்டியலை மாவட்ட ஆட்சியர் வெளியிட வேண்டும்.

இவற்றில் பலவற்றுக்கு நாம் சென்னைவரை போகத் தேவையில்லை. எந்தத் தடத்துக்கு யாருக்குப் பெர்மிட், எத்தனை நடை, எந்தெந்த நிறுத்தம் என்ற விவரம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெரம்பலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுப் பெறத்தக்கது. ஒரு வாரம் தத்தம் தெருமுனையில் நின்று, வர வேண்டிய நடைகளையும் வந்த நடைகளையும் குறித்து வைக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் செய்ய முடியும். அந்தக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு கிராமசபையில் தீர்மானம் நிறைவேற்றலாம். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு வாய்ப்புகள் இருக்கின்றன. பெர்மிட் புதுப்பிக்கப்படும்போது அந்தத் தீர்மானத்தை மாவட்ட ஆட்சியரின் முன் எதிர்ப்பு மனுவாக வைக்கலாம்.

மினி பேருந்துகளின் பெர்மிட்டுகள் இப்போதுதான் வழங்கப்பட்டு வருகின்றன. தடங்கள் இன்னும் கெட்டிப்படவில்லை. ஒரு பேருந்தின் பாதை ஒருமுறை பழக்கமாகிவிட்டால் அதை மாற்றப் பத்தாண்டு போராட வேண்டியிருக்கும். நிபந்தனைகளை எழுத வைக்கும் காலம் இதுவே.